செல்லாது என்று எழுதிய இரண்டு தாள்கள்

எங்கள் நான்காம் மாடியில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். வருகிற நோயாளிகள் எல்லோரிடமும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு கடிகாரம் வரைங்க, அதுல பதினொன்னு பத்து காட்டுங்க" என்று கேட்பதால் வந்த பெயர். வைத்தது நான்தான். இந்த வார்டில் இருபத்து நான்கு வருஷமாக இருக்கிறேன், அதில் பத்து வருஷம் தலைமை நர்ஸாக. ஊசி போடுவது, திட்டுவது, பட்டப்பெயர் வைப்பது மூன்றும் என் வேலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அவள் டாக்டர் இல்லை. மறதி என்று வருகிறவர்களை உட்கார வைத்து நினைவையும் கவனத்தையும் சோதித்து எழுதிக் கொடுப்பவள். முதலில் இதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் இருந்தாள். தபால் வழியில் மனோதத்துவம் படித்து, இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை தேறி, நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஜன்னலுக்குக் கனத்த திரை. சுவரில் காலண்டர் கிடையாது, கடிகாரமும் கிடையாது. தேதி கேட்டால் நோயாளி சுவரைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதாம். தன் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி டிராயரில் போட்ட பிறகுதான் ஆரம்பிப்பாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடிக்காது. நோயாளி சரியாகச் சொன்னாலும் "சரி, அடுத்தது" என்பாள். தப்பாகச் சொன்னாலும் அதே "சரி, அடுத்தது". குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. பாவம், ஒரு மனுஷர் தன் மகளின் பெயரை யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துச் சொல்வார். ஒரு சிரிப்பு சிரித்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால், "சிரிச்சா அடுத்த பதிலுக்கும் என் முகத்தைப் பார்ப்பாங்க சிஸ்டர்" என்பாள். அவள் கணவர் எலக்ட்ரீஷியன், எங்கள் வார்டு மின்விசிறிகளைப் பார்க்க வருவார். ஏணியில் நின்றபடியே ஒருநாள் சொன்னார்: "வீட்டுலயும் அப்படித்தான் சிஸ்டர். உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். சரின்னா. நல்லவேளை, அடுத்ததுன்னு சொல்லலை."

ஆனால் நியாயம் என்றால் நியாயம். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி கொண்டுவராதவர் படத்தைக் கோணலாக வரைந்தால், அதை அவர் தலையில் கட்டமாட்டாள். ஓரத்தில் 'கண்ணாடி இல்லை' என்று எழுதி விட்டுவிடுவாள். நோயாளி தூங்கி வழிந்தால், பாதியில் நிறுத்தி, தாளின் மேலே 'செல்லாது' என்று எழுதி, இன்னொரு நாள் வரச் சொல்வாள். காலை ஒன்பது மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்வாள். "களைச்சுப்போனவங்களை உட்கார வச்சு மார்க்கைக் குறைக்கறது பாவம் சிஸ்டர்" என்பாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டாக்டர்களுக்கும் அப்படித்தான். பதினோரு வருஷம் எங்கள் மாடியில் இதுதான் வழக்கம்.

இப்போது லிஃப்ட்காரரிடம் வருகிறேன்.

அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்த்தவர். மெலிந்த ஆள், நல்ல பேச்சு. போன வருஷம் 'மறதி' என்று மனைவி கூட்டிக்கொண்டு வந்தபோது கடிகாரம்தான் சோதித்தாள். அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பெரிய டாக்டர் அல்சைமர் என்று எழுதினார், மாத்திரை கொடுத்தார், அனுப்பினார். இந்தத் தடவை குளியலறையில் விழுந்து, இடுப்பில் அடியோடு வந்து சேர்ந்தார். எலும்பு முறிவு இல்லை. இரண்டு நாளில் அனுப்பிவிடலாம் என்றார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் கட்டிலை விட்டு இறங்கினார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். ரத்தம் சொட்டுகிறது. நான் ஓடினேன்.

"சிஸ்டர், கதவு மூடிடும். நான் பிடிச்சிருக்கேன். பிள்ளைங்க முதல்ல வெளிய வரட்டும்" என்றார்.

"எந்தப் பிள்ளைங்க?"

"தெரியலையா உங்களுக்கு? நாலு பேர் நிக்கறாங்களே. பாவம், நனைஞ்சிருக்காங்க."

நான் போனில் பெரிய டாக்டரைப் பிடித்தேன். அமைதிப்படுத்துகிற ஊசி ஒன்றை எழுதச் சொன்னார். தினமும் ஆறு மணிக்கு. எங்கள் வார்டில் புதிதில்லை. இந்த மாதிரி ரகளைக்கு எல்லோருக்கும் போடுவதுதான். அன்று ஆறு மணிக்கு என் கையால் போட்டேன்.

மறுநாள் காலையில் அவர் பலகை மாதிரி கிடந்தார். கண் திறக்கவில்லை. எச்சில் வாயோரம் வழிந்தது. மனைவி ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினார், அது அப்படியே வெளியே வந்தது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஃபைலைப் புரட்டினார், கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார், "நோய் முற்றிக்கொண்டு வருது" என்றார். விடியற்காலையில் முனகிக்கொண்டு காற்றில் எதையோ பிடித்தார் என்று மனைவி சொன்னதும், ஊசியை இரண்டு மடங்காக்கி எழுதிவிட்டு, நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மூன்றரை மணிக்குக் கடிகாரம் வந்தாள். மறதி ஃபைல் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது அவள் வழக்கம். கையில் அட்டை, பென்சில். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு இவருக்கு?"

"முற்றிப்போச்சாம்."

"மூணு நாள்லயா?"

அவள் சுற்றி வந்து அவர் முழங்கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. விட்டு விட்டு, தடங்கித் தடங்கி அசைந்தது. பிறகு மனைவியிடம், என்ன நடந்தது என்று கேட்டாள். அந்த அம்மா பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ஊசியைப் பற்றிச் சொன்னார்.

அதுவரை அவள் முகம் மாறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். அட்டையைக் கட்டிலின் மேலேயே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். கடிகாரம் ஓடுகிறது என்று பின்னால் யாரோ சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால் மணி நேரத்தில் மூன்று தாள்களோடு திரும்பி வந்தாள். என் மருந்து வண்டியின் மேல் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு வரிசையாக வைத்தாள்.

"சிஸ்டர், இதைப் பாருங்க. போன வருஷம் இவரை நான் மூணு தடவை உட்கார வச்சேன். முதல் தடவை மத்தியானம் மூணு மணி. முப்பதுக்குப் பதினொன்னு மார்க். பாதியில நிறுத்திட்டேன், தூங்கி விழுந்தார். ரெண்டாவது தடவை நாலு மணி. பதிமூணு. சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். மூணாவது தடவை காலையில ஒன்பது மணி. இருபத்து நாலு."

"சரி, அதுக்கென்ன? நல்லா இருக்கும்போது நல்லா எழுதியிருக்கார்."

"ஒரே வாரத்துல சிஸ்டர். பதினொன்னு, பதிமூணு, இருபத்து நாலு. இப்படி ஏறி இறங்கறதே ஒரு அடையாளம். அந்த ரெண்டு தாளையும் நான் செல்லாதுன்னு எழுதி ஒதுக்கிட்டேன்."

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மணி நாலே கால். ஆறு மணிக்கு ஊசி. "சுருக்கமா சொல்லும்மா" என்றேன்.

அவள் மூன்றாம் தாளில் விரலை வைத்தாள். "அஞ்சு வார்த்தை சொல்லிக் கொடுத்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன். குடை, செங்கல், ஆரஞ்சு, தபால்காரர், நீலம். இவர் ரெண்டுதான் சொன்னார். அல்சைமர்னா அந்த வார்த்தை உள்ள தங்கியே இருக்காது. ஒரு பழம்னு ஜாடை காட்டினாலும் வராது. இவருக்கு ஜாடை காட்டினேன். அஞ்சும் வந்துடுச்சு. உள்ளேதான் இருந்திருக்கு சிஸ்டர், எடுக்கத்தான் முடியலை. ஆனா ஜாடை காட்டி வந்ததுக்கு மார்க் கிடையாது. ரிப்போர்ட்ல அதுக்குக் கட்டமே கிடையாது. ஓரத்துல எழுதி வச்சேன், டைப் அடிக்கும்போது விட்டுட்டேன்."

பிறகு படத்தைக் காட்டினாள். கடிகாரம் என்று ஒரு முட்டை வடிவம். பன்னிரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தன. இரண்டு ஐந்துகோணங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறாள், அவர் இரண்டு கோடு போட்டுவிட்டு விட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க வயரிங் படம் வரைந்த மனுஷர். ஓரத்தில் அவள் கையெழுத்தில் 'கண்ணாடி இல்லை' என்று இருந்தது.

"அன்னைக்குக் கண்ணாடி கொண்டுவரலை. அதான் பார்வைன்னு நினைச்சு விட்டுட்டேன். தூங்கினதை மன்னிச்சேன், படத்தை மன்னிச்சேன். மன்னிச்சு மன்னிச்சு, நோய் எதுன்னு காட்டற அத்தனையையும் துடைச்சுட்டேன் சிஸ்டர். இவருக்கு அல்சைமர் இல்லை. லூயி பாடின்னு இன்னொரு மறதி நோய். அதுல இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரிவாங்க. இந்த நோய் இருக்கிறவங்களுக்கு இந்த ஊசி ஆகவே ஆகாது. உடம்பு இறுகிடும். முழுங்க முடியாது. ரெண்டாவது தடவை போட்டா எழுந்திருக்காமலே போயிடலாம்."

நேற்று ஆறு மணிக்கு ஊசி போட்ட என் கை வண்டியின் மேல் இருந்தது. அதை நான் கீழே எடுத்துக்கொண்டேன்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. "இதை ஒரு வருஷம் முன்னாடி பார்த்திருக்கணும். இப்ப வந்து சொல்றே" என்று கத்தினேன். அவள் தலையாட்டினாள். வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் ஒரே ஒரு விஷயம் கேட்கணும்" என்று லிஃப்ட்காரர் மனைவியிடம் திரும்பினாள். "அம்மா, இவர் தூக்கத்துல கை காலை உதறுவாரா? கத்துவாரா?"

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது எதுக்குங்க இப்ப?"

"முக்கியம்மா. சொல்லுங்க."

"ஆறேழு வருஷமா நாங்க தனித்தனிக் கட்டில். தூக்கத்துல உதைப்பார். ஒரு தடவை என் கழுத்தைப் பிடிச்சுட்டார், யாரையோ கீழே விழாம பிடிக்கறேன்னு. காலையில அவருக்கு ஒண்ணுமே தெரியாது. வெளிய சொன்னா புருஷன் அடிக்கிறான்னு பேசுவாங்க. அதான் யாருக்கும் சொல்லலை."

"நானும் கேட்கலை" என்றாள் கடிகாரம்.

நான் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். பெரிய டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, எதுவானாலும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். டெஸ்ட் எடுக்கிற பெண் சொல்கிறாள் என்றால் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்திமதியும் சொன்னார். பெரிய டாக்டரின் போன் அணைந்திருந்தது. நான்கு தடவை முயன்றேன். ஐந்தாவது தடவை அணைந்த போனையே திட்டினேன்.

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. எழுதின மருந்தைப் போடாமல் வைப்பது நர்ஸுக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆறு வருஷம் முன்னால், ஒரு நோயாளிக்கு எழுதிய மருந்து தப்பென்று நினைத்து ஒரு வேளை நிறுத்தி வைத்தேன். தப்பாக நினைத்தது நான். அந்த நோயாளிக்கு வலிப்பு வந்துவிட்டது. விசாரணை, மெமோ, மூன்று மாதம் கீழ்த்தளத்தில் பஞ்சு சுற்றும் வேலை. இனி என் அறிவை என் வீட்டில் வைத்துவிட்டு வருவது என்று அன்று முடிவு செய்தேன். எனக்குப் பயம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மருந்து அறையில் ஊசியை எடுத்துத் தயார் செய்தேன். ஆமாம், செய்தேன். கை பழக்கத்தில் செய்தது. இரண்டு மடங்கு. தட்டில் வைத்து மூடினேன்.

அதுவரை தன் அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த கடிகாரம் வாசலில் வந்து நின்று அதைப் பார்த்தாள். "சிஸ்டர், பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்க" என்றாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கிப் போனாள்.

நான் தட்டோடு கட்டிலுக்கு வந்தேன். அங்கே எனக்கு வேறு சோதனை காத்திருந்தது. அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுடுங்க சிஸ்டர். எனக்கு அந்தப் பொண்ணு சொல்றது எதுவும் புரியலை. எத்தனையோ மாசம் கழிச்சு நேத்துதான் அவர் அமைதியாத் தூங்கினார். நானும் தூங்கினேன். போடலைன்னா திரும்பவும் எழுந்து விழுந்துடுவார். நான் ஒருத்தி, எத்தனை நாள் பிடிச்சு நிறுத்துவேன்?"

"அது தூக்கம் இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது. ஆறு இரண்டு. ஆறு நான்கு. லிஃப்ட்காரர் மூச்சு விடும்போது தொண்டையில் எச்சில் கொறகொறவென்று சத்தம் போட்டது. அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, வாயைத் துடைத்தேன். தோள் கல்லாக இருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ முற்றிய நோயைத் தொட்டுப் பார்த்தவள் நான். மூன்று நாளில் எந்த மறதியும் இப்படி முற்றாது. அது என் கைக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை. தட்டை எடுத்து வண்டியின் அடித்தட்டில் வைத்தேன். மருந்துத் தாளில், ஆறு மணிக் கட்டத்தில், 'கொடுக்கவில்லை, டாக்டருக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு பத்துக்குப் பெரிய டாக்டர் வந்தார். வேகமாக வந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னால் அவள். கூட்ட அறைக்குள் கதவைத் தட்டாமல் போய், மேஜைக்கு எதிரில் நின்று, "சார், நாலாம் மாடியில ஒருத்தர் சாகப்போறார், காரணம் என் ரிப்போர்ட்" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு கேள்விப்பட்டேன். நிர்வாகத்தார் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"உன் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் நான் எழுதினேன்" என்றார் அவளிடம், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. "அதுல நினைவுக் குறைவுன்னு போட்டிருந்தது. ஏறி இறங்குதுன்னு போட்டிருந்ததா? வரைய வரலைன்னு போட்டிருந்ததா?"

"இல்லை சார். நான் எழுதலை. அதான் தப்பு. தாள்ல இருக்கு, ரிப்போர்ட்ல இல்லை."

"இதை எழுத்துல கொடுப்பியா?"

"கொடுத்துட்டேன் சார். உங்க மேஜையில இருக்கு."

அவர் மூன்று தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து, லிஃப்ட்காரரின் முழங்கையைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். காலையில் அவர் செய்யாதது அது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு மணி ஊசி?"

"போடலை சார்."

தலையை மட்டும் ஆட்டினார். பேனாவை எடுத்து அந்த மருந்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு கோடு போட்டார். ஃபைலின் முகப்பில் சிவப்பில் பெரிதாக எழுதினார்: இவருக்கு இந்த வகை மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நிறுத்திவிட்டோம், ஆனால் முதல் ஊசி போட்டது போட்டதுதான். அது இறங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றார் டாக்டர். இறங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தோம். மறுநாள் காய்ச்சல் வந்தது. அதற்கு மறுநாள் கூடியது. அந்த அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடிகாரம் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். கையில் அட்டை இருக்காது, ஒன்றும் கேட்கவும் மாட்டாள். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று நான் கேட்டதற்கு, "இருக்கு" என்றாள். எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். ஆறாம் நாள் அரை ஸ்பூன் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. அந்த அரை ஸ்பூனுக்கு நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்றோம். இறங்கியதும் அவர் இன்னும் தேறாத குரலில், "என்ன எல்லாரும் கூட்டமா நிக்கறீங்க, வெயிட் தாங்காது" என்றார். அந்த அம்மா அழுத அழுகையில் அடுத்த வார்டிலிருந்து ஆள் வந்தது. நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

முழுதாகக் குணமாகவில்லை. இந்த நோயில் அது கிடையாது. பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள், இப்போது இரண்டு பேர்தான் என்கிறார். வேறு ஒரு மாத்திரையில் கொஞ்சம் தெளிவு. கைத்தடியோடு நடந்து வீட்டுக்குப் போனார். போகும் முன் கடிகாரம் அந்த அம்மாவுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள்: பிள்ளைகள் இல்லை என்று அவரோடு சண்டை போடாதீர்கள், விளக்கைப் போடுங்கள், பேச்சை மாற்றுங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்த திங்கட்கிழமை விரிப்பு எடுக்கப் போகிற வழியில் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தரை முழுக்கத் தாள்கள். பதினோரு வருஷத் தாள்கள். நடுவில் பெரிய டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

"செல்லாதுன்னு எழுதின தாள் இருந்து, படமும் மோசமா இருக்கிறவங்க பதினேழு பேர் சிஸ்டர்" என்றாள். "எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணப் போறோம்."

நானும் உட்கார்ந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள். நாலு நம்பர் மாறிப்போயிருந்தது. மூன்று பேர் நன்றாகவே இருந்தார்கள், எதற்கு வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று ஒரு மகன் சத்தம் போட்டான். ஒரு வீட்டில் அதே வகை மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் போனைப் பிடுங்கி, இன்றைக்கே ஆம்புலன்ஸில் கூட்டி வரச் சொன்னார். ஒன்பதாவது வீட்டில் ஒரு பெண் எடுத்தார். குரலில் ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும்.

கடிகாரம் தான் யார் என்று சொன்னாள். உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க. நிமோனியா. எதுக்குக் கேட்கறீங்க?"

டாக்டர் கையை நீட்டினார், நான் பேசுகிறேன் என்று. அவள் கொடுக்கவில்லை.

"அம்மா, அவருக்கு என்ன நோய்னு நான் தப்பா எழுதியிருக்கலாம்னு இப்ப தோணுது. அவர் கண்ணுக்கு இல்லாத ஆள் யாராவது தெரிஞ்சாங்களா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு ஆள் வந்து நம்ம சோபாவுல உட்கார்றான்னு சொல்லுவார். நான்தான் அவனைக் கூட்டிட்டு வந்து வச்சிருக்கேன்னு என்னைச் சொல்லுவார். என் பிள்ளைங்க முன்னாடி சொல்லுவார். காலையில பார்த்தா நல்லாத் தெளிவா பேப்பர் படிப்பார். இவ்வளவு தெளிவா இருக்கிற மனுஷன் வேணும்னுதானே சொல்றார்னு நினைச்சேன். அது நோயாங்க?"

"நேர்ல பார்க்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாதும்மா. ஆனா தாளைப் பார்த்தா நோய்தான். உங்களைச் சந்தேகப்படணும்னு அவர் சொல்லலை. அவர் கண்ணுக்கு ஒரு ஆள் தெரிஞ்சிருக்கான்."

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொல்லியிருக்கணும்மா. என் தப்பு."

"அவர்கிட்ட நான் பேசறதையே விட்டுட்டேன். கடைசி ஒரு வருஷம். சாப்பாட்டை வச்சுட்டு வந்துடுவேன். கூப்பிடுவார், போகமாட்டேன்." அந்த அம்மா அழவில்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஒரு வருஷம்ங்க. பக்கத்து ரூம்லதான் இருந்தார்."

கடிகாரம் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை.